நடுவிலிருந்து முடுக்க வேண்டிய நட்டுகள்

16 செப்டம்பர் 2004, வியாழன். இன்றைய பிழை: ஹெட்டரின் நட்டுகளை நடுவில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி முடுக்கியிருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று இடது ஓரத்தில் பிடித்து வரிசையாக வலது ஓரம்வரை முடுக்கிவிட்டேன். சிறிய பிழைதான். நாளைக் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது எல்லாவற்றையும் தளர்த்தி, முறைப்படி மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். ரோஹித்தாவிடம் சொல்லத் தேவையில்லை.

கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று கௌசிக் சிறிது நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தான்.

பகலில் பவானிபூரில் தபன் மண்டலின் கராஜில் வேலை, மாலையில் மெக்கானிக்கல் டிப்ளமோ வகுப்பு என்று அவனுடைய நாள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வங்காளியில் அண்ணனைத் தாதா என்பார்கள், பெயரோடு சேர்ந்தால் வெறும் 'தா'; அப்படித்தான் முதலாளி அவனுக்குத் தபன்தா, வண்டி விட வரும் ரோஹித் ரோஹித்தா. செய்த வேலையை தினமும் எழுதி வையுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் செய்ததை எழுதினார்கள். கௌசிக் மட்டும் தப்பாகச் செய்ததை எழுதினான். "இத யாராவது படிச்சா, நீ ஒரு வண்டியக்கூட உருப்படியா அனுப்பினதில்லன்னு நெனச்சுக்குவாங்க" என்று அக்கா சுபிக்ஷா கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொள்வானே தவிர விடவில்லை.

அந்த ஹெட்டர் கோயம்புத்தூரிலிருந்து ரயில் பார்சலில் வந்திருந்தது. ரோஹித்தின் எஸ்டீம் காரில் இருந்த வார்ப்பிரும்புப் புகைப்போக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்ட வேண்டியது அது. என்ஜினின் நான்கு வாய்களிலிருந்தும் நான்கு எஃகுக் குழாய்கள் வளைந்து இறங்கி, கீழே ஒன்றாகச் சேர்ந்து சைலன்சருக்குள் போகும். புகை ஒன்றையொன்று முட்டாமல் வெளியேறுவதால் என்ஜின் தாராளமாக மூச்சு விடும். ரோஹித்துக்கு அந்த மூச்சு சனிக்கிழமைக்கு வேண்டியிருந்தது. விடியற்காலை போல்பூர் நோக்கிப் புறப்படும் கார் ரேலி. நடுவில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் வேகச் சுற்று. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழியையும் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்பவள் சுபிக்ஷா. போன வருடம் அவர்கள் இரண்டாவதாக வந்திருந்தார்கள். அந்த இரண்டாமிடத்தை சுபிக்ஷா ஒரு வருடமாக மென்றுகொண்டிருந்தாள்.

கௌசிக் அந்த வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். துருப்பிடித்த நட்டுகளுக்கு முன்கூட்டியே எண்ணெய் விட்டு ஊற வைத்தான். நட்டு ஏறியிருந்த ஸ்டட் ஆணி ஒன்றுகூட ஒடியாமல் கழற்றினான். என்ஜினோடு ஒட்டும் ஹெட்டரின் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, எங்காவது வளைந்திருக்கிறதா என்று மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்தான். எங்கும் நுழையவில்லை. எல்லாம் முடிந்து நட்டுகளை முடுக்க வேண்டிய நேரத்தில்தான் கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கு வகுப்பில் தேர்வு. தபன்தா பூஜைக்குச் சிலை எடுக்கப் போயிருந்தார். தட்டிக் கேட்க ஆளில்லை. கை தானாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடியது. அவன் வகுப்பில் இருந்தபோது ரோஹித் வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டான்; காலையில் பூஜைக்குத் திரும்பக் கொண்டுவருவான்.

மறுநாள் காலை தூறல். கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து கௌசிக் சீக்கிரமாகவே கராஜுக்கு வந்தான். தூறலையும் மீறி மாடிக்கு மாடி காற்றாடி ஏறியிருந்தது. எங்கோ ஒரு நூல் அறுந்ததும் ஒரு கூட்டமே "போ-காட்டா" என்று கத்தியது.

கராஜின் ஷட்டரில் சாமந்தி மாலை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். வேலை மேசை துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, டார்க் ரெஞ்ச் என்று கராஜில் இருந்த அத்தனை கருவிகளும் சிவப்புத் துணி விரித்து, யானைமேல் உட்கார்ந்திருந்த விஸ்வகர்மாவின் காலடியில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு.

கௌசிக் வாசலிலேயே நின்றுவிட்டான்.

விஸ்வகர்மா பூஜை அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பிறந்ததிலிருந்து அவனுக்கு அது காற்றாடி விடுகிற நாள், அவ்வளவுதான். கருவிகளைப் பூஜையில் வைப்பது என்றால் அவன் நினைவில் இருந்தது வீட்டில் அம்மா செய்யும் ஆயுத பூஜை. அது அடுத்த மாதம். சித்திரையில்தான் இந்தக் கராஜில் சேர்ந்தான். இங்கேயும் பெயருக்கு ஒரு சுத்தியலை வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று எண்ணியிருந்தான்.

"தபன்தா, பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு மட்டும் வேணும். ரோஹித்தா வண்டிக்கு" என்றான் வங்காளியில்.

தபன்தா புது வேட்டியில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்து, அவன் வேடிக்கை பேசுகிறான் என்று முதலில் சிரித்தார். பேசவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னிக்கா?"

"ஒரே ஒரு ஸ்பானர்தான், தாதா."

"இந்தத் தெருவுல இன்னிக்கு எவன் கையிலயும் ஸ்பானர் இருக்காது. மந்திரி வண்டி நடுரோட்ல நின்னாலும் நிக்கட்டும். வருஷம் பூரா அதுங்களப் போட்டு அடிக்கிறோம், வளைக்கிறோம். ஒரு நாள் படுத்துக் கெடக்கட்டும்." கத்தியால் வெள்ளரிக்காயைச் சுட்டினார். "வண்டிக்கு என்ன?"

"நட்ட ஒரு தரம் செக் பண்ணலாம்னு."

"நீ ராத்திரி படுக்கப் போறப்போ கதவ எத்தன தரம் செக் பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு அவர் வெள்ளரிக்காய்க்குத் திரும்பினார்.

அப்போதுதான் எஸ்டீம் தெருமுனையில் திரும்பியது. புது ஹெட்டரின் கனத்த ஒலியை எல்லோரும் கேட்டார்கள். அதற்கு அடியில் ஓடிய இன்னொரு சத்தத்தை கௌசிக் கேட்டான். டிக், டிக், டிக் என்று, நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல. வண்டி நின்றதும் அது நின்றது.

ரோஹித் உற்சாகமாக இறங்கினான். துறைமுக அதிகாரி பார்த்தசாரதியின் மகன். வாய் நிறையப் பேசுபவன். "கௌசி, என்னா சவுண்டுடா! கிதிர்பூர்ல மழை, டிராம் லைன்ல ஒரு லாரி வேற படுத்துடுச்சு. அவ்ளோ நேரம் நின்னும் டெம்பரேச்சர் ஏறல."

மறுபக்கம் கதவு திறந்தது. சுபிக்ஷா உடனே இறங்கவில்லை. காலை வெளியே வைத்துக்கொண்டு நெற்றியை அழுத்திப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"மண்டை வெடிக்குதுடா. காலைல காபி குடிக்கல, அதான்."

"கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தியா?"

"பின்ன? மழைல தொறந்து வெச்சுக்கிட்டா வருவாங்க?"

ஹெட்டர் என்ஜினின் முன்பக்கம். வண்டி நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி காற்றைப் பின்னால் தள்ளும். பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழேதான் காருக்குள்ளே காற்று எடுக்கும் வழி; ஹெட்டரில் கசியும் புகை அப்படியே உள்ளே போகும். கௌசிக் இதை ஒரு படமாகவே மனதில் பார்த்தான். பிறகு எப்போதும் போல அதைச் சந்தேகித்தான். காபி குடிக்காத தலைவலியாகவும் இருக்கலாம். அக்கா ராத்திரி வெகுநேரம் கணக்குப் போட்டிருப்பாள். அந்த டிக் டிக் வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம்.

பூசாரி வந்துவிட்டார். சாம்பிராணிச் சட்டி புகைய ஆரம்பித்தது. கராஜ் முழுக்க வெள்ளைப் புகை. அதில் பெட்ரோல் புகை எது, தூபம் எது என்று எந்த மூக்குக்கும் தெரிந்திருக்காது. எஸ்டீமின் பானெட்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டு, மாலை சாத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கௌசிக் கைகூப்பியபடி நின்றான். ஒரு மந்திரமும் காதில் விழவில்லை. மதியத்துக்குமேல் வண்டியை ரேலி சங்கத்தின் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பிரேக், விளக்கு, பெல்ட் பார்ப்பார்கள். ஹெட்டரின் இடுக்கை எவரும் பார்க்க மாட்டார்கள். விடிந்தால் மழையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அக்கா நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருப்பாள். அந்தப் புகையின் நஞ்சு மணக்காது, தூக்கம் போலத்தான் வரும். அவளுக்கு மட்டுமல்ல, ஓட்டுபவனுக்கும்.

பூஜை முடிந்ததும் பிரசாதத் தட்டோடு ரோஹித்திடம் போனான்.

"ரோஹித்தா, ஹெட்டர் லீக் ஆகுதுன்னு நெனக்கிறேன்."

ரோஹித் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சுபிக்ஷாவைப் பார்த்தான். "ஆரம்பிச்சிட்டான்யா உன் தம்பி. போன மாசம் வீல் நட்டு லூஸா இருக்குமோன்னு ஸ்கூட்டர்ல டைமண்ட் ஹார்பர் ரோடு வரைக்கும் துரத்திட்டு வந்தவன்தானே. வந்து பாத்தா என்னாச்சு?"

"டைட்டா இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி பிரேக் ஆயில்?"

"அதுவும் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"இத காட்டறேன். ஸ்பானர் வேணாம்."

கௌசிக் பானெட்டைத் தூக்கினான். மாலை சரிந்து விழாமல் சுபிக்ஷா பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் எங்கும் கசியவில்லையா என்று முதலில் குனிந்து, குழாய்களை விரலால் தடவி முகர்ந்தான். பிறகு பூஜைக்கு வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு புது ஊதுவத்தியை உருவிப் பற்ற வைத்தான். தபன்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊதுவத்தி கருவியில்லை, தடுக்கவில்லை.

"விசிறி ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் உறுமியது. கௌசிக் ஹெட்டரும் என்ஜினும் சேரும் கோட்டின் வலது ஓரத்தில் ஊதுவத்தியைப் பிடித்தான். புகை நூல் போல நேராக ஏறியது. மெல்ல நகர்த்தினான். இரண்டாவது குழாயிலும் நேராகத்தான் ஏறியது. மூன்றாவதில் சற்று நடுங்கியது. இடது ஓரத்துக்கு வந்ததும் நூல் அறுந்தது. யாரோ உள்ளேயிருந்து வாயால் ஊதுவது போலப் புகை விட்டுவிட்டுச் சிதறியது. கங்கு சிவந்து சிவந்து மங்கியது. டிக், டிக், டிக்.

ரோஹித் இறங்கி வந்து பார்த்தான். தானே ஊதுவத்தியை வாங்கி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"கோயம்புத்தூர்காரன் ஏமாத்திட்டான். முகத்த சரியா சீவல."

கௌசிக் இடது ஓரத்து நட்டையே பார்த்தான்.

"பரவால்ல. புது மாலு. நல்லா சூடு ஏறினா தானா உக்காந்துடும். இன்னிக்கு ஒரு ரவுண்டு ஓட்டினா சத்தம் நின்னுடும் பாரு. வேணும்னா நாளைக்குக் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டுக்கறோம். திங்கக்கெழமை அந்தாளுக்கு போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

எவ்வளவு சுலபமாக அது தன்னைவிட்டு விலகிப் போகிறது என்று கௌசிக் பார்த்துக்கொண்டிருந்தான். தலையாட்டினால் போதும். கோயம்புத்தூரில் முகம் தெரியாத ஒருவர் திங்கட்கிழமை திட்டு வாங்குவார். தலையாட்டினால், ஹெட்டரின் முகத்தை அவர் சரியாகச் சீவாதது சூட்டில் சரியாகிவிடும் என்று ரோஹித் நம்பிக்கொண்டே நாளைக்கு வண்டியை எடுப்பான்.

"முகம் சரியாத்தான் இருந்துச்சு" என்றான். "கண்ணாடில வெச்சுப் பாத்தேன். நான்தான் தப்பா முடுக்கினேன். ஓரத்துலேருந்து முடுக்கிட்டேன். நடுவுல வெச்ச கேஸ்கட் தகடு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், ஹெட்டர் ஒரு பக்கமா தூக்கியிருக்கும். சூடு ஏற ஏற இன்னும் தூக்கும். தானா உக்காராது."

ரோஹித் என்ஜினை நிறுத்தினான். தெருவில் ஒலிபெருக்கி பாடுவது அப்போதுதான் கேட்டது.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"நேத்து. வகுப்புக்குப் போறப்பவே."

"நேத்து ராத்திரி எங்கிட்ட போன் இருந்துச்சு, கௌசி."

"சின்னத் தப்புன்னு நெனச்சேன். காலைல வந்து சரி பண்ணிடலாம்னு."

சுபிக்ஷா மாலையை இன்னும் கையில் பிடித்தபடி இருந்தாள். "காலைல நான் அந்த வண்டிலதான்டா வந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. கௌசிக்கால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரோஹித் நேராகத் தபன்தாவிடம் போனான். அரை மணி நேர வேலை, தாதா, உங்களுக்கே தெரியும் என்றான். தபன்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, இடது ஓரத்தைப் பார்த்தார். நட்டைத் தொடவில்லை.

"மாட்டேன்" என்றார். "வண்டிக்கும் பூஜை போட்டாச்சு. அதுவும் இன்னிக்குப் படுத்திருக்கு. நாளைக்கு தயிரும் அவலும் படைச்சு சாமிய அனுப்பினப்புறம் கருவிய எடுப்போம். அதுக்கு முன்னாடி இல்ல."

"விடிகாலைல ஸ்டார்ட், தாதா."

"தெரியும்."

ரோஹித் திரும்பி வந்தான். "உங்க வீட்ல ஆயுத பூஜை அடுத்த மாசம்தானே? உங்கப்பா டூல்பாக்ஸ்ல ஸ்பானர் இருக்கும். எங்க வீட்டு வாசல்ல வெச்சு முடுக்கு. இங்க வேணாம்."

கௌசிக் அதை ஏற்கனவே நினைத்துப் பார்த்திருந்தான். அப்பாவின் பெட்டியில் பன்னிரண்டாம் நம்பர் இருந்தது. அதைத் தொட எந்தச் சாமியும் தடையில்லை. ஒரு டாக்சி பிடித்தால் போய் எடுத்து வந்துவிடலாம். அப்படிச் செய்தால் அக்கா நாளைக்கு ரேலிக்குப் போவாள். ரோஹித் தன்னை மன்னித்தாலும் மன்னிப்பான்.

"நசுங்கின கேஸ்கட் மேலயே முடுக்கினா இன்னிக்கு சத்தம் நிக்கும்" என்றான் நிதானமாக. "நாளைக்கு ஓடுதளத்துல வேகம் புடிக்கறப்போ மறுபடி வாயத் தொறக்கும். புது கேஸ்கட் வேணும். மல்லிக் பஜார்ல பார்ட்ஸ் கடை இன்னிக்குத் தொறக்க மாட்டாங்க."

"ஒருவேளை தாங்கினா?"

"தாங்காது."

"இவன் சும்மாவே எல்லாத்துக்கும் பயப்படறவன்" என்றான் ரோஹித் சுபிக்ஷாவிடம். "நீ சொல்லு. நீதான் பக்கத்துல உக்காரப் போற. கண்ணாடிய முழுசா எறக்கிடலாம். ரெயின்கோட் போட்டுக்கலாம். போன வருஷம் முதலிடத்த எவ்ளோல விட்டோம்?"

சுபிக்ஷா காருக்குள் பார்த்தாள். காரின் முன் இருக்கையில் அவளுடைய அட்டை, ஸ்டாப்வாட்ச், கால்குலேட்டர் எல்லாம் கிடந்தன. அவள் அந்த ரேலிக்காகக் கரியாஹாட்டில் தேடித் தேடி வாங்கிய குட்டி விளக்கு, மேப்பின்மேல் கவ்விக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்தாள்.

"ஓட்ட ஓட்ட கொறையுமா, கூடுமாடா?"

"கூடும்."

"ஒருவேளைன்னு சொல்ல மாட்டேங்கற."

"இல்லக்கா. கூடும்."

அவள் மாலையை பானெட்டின்மேல் வைத்தாள். கதவைத் திறந்து அட்டையை எடுத்தாள், ஸ்டாப்வாட்சை எடுத்தாள், விளக்கைக் கழற்றினாள். எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, பையை மூடுவதற்கு மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான் வரல, ரோஹித்" என்றாள்.

ரோஹித் வேறு யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போய்விடுவான் என்று கௌசிக் பயந்தான். ரோஹித்தும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து, இன்னும் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியைத் தரையில் அழுத்தி அணைத்தான். ரேலி சங்கத்துக்கு போன் போட்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினான். வண்டியில் கோளாறு என்று மட்டும் சொன்னான். யார் செய்த கோளாறு என்று சொல்லவில்லை.

போனை வைத்ததும் சாவியை கௌசிக்கிடம் நீட்டவில்லை. தபன்தாவிடம் கொடுத்தான். "நாளைக்கு யார் வேலை பாக்கறாங்கன்னு நீங்க முடிவு பண்ணுங்க, தாதா" என்று சொல்லிவிட்டு, கிச்சுடி சாப்பிட்டுப் போ என்று அவர் கூப்பிட்டதையும் கேட்காமல், தூறலில் நடந்து போனான்.

சுபிக்ஷாவுக்குத் தலைவலி விடவில்லை. தபன்தா அவளைச் சாம்பிராணிப் புகை படாத இடமாக, தெரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கௌசிக் எலுமிச்சைச் சாறு வாங்கி வந்து கொடுத்தான். அவள் பாதி குடித்தாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது? நாளைக்கு சதுர்த்தியும் அதுவுமா ரேலிக்குப் போறேன்னு ஒரு வாரமா திட்டிட்டிருந்தா. இப்போ போகலன்னா சந்தோஷப்படுவா."

"நடந்தத சொல்றேன்."

"நீ சொல்லு. என்னால முடியாது." தெருவுக்கு மேலே இரண்டு காற்றாடிகள் ஒன்றையொன்று அறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. "உம்மேல கோவம் இருக்குடா. இன்னிக்கு என்னக் கொஞ்ச நேரம் விட்டுடு."

அவன் தள்ளிப் போய் நின்றான்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் தபன்தா கூப்பிட்டார். அவர் கையில் எஸ்டீமின் சாவி இருந்தது. வேலையைவிட்டு நீக்கப் போகிறார் என்று கௌசிக் தயாராக நின்றான். அவர் சாவியைச் சாமிக்குப் பக்கத்தில், ஸ்பானர்களோடு சேர்த்து வைத்தார்.

"நேத்து வேல முடிச்சப்போ நான் இங்க இல்ல. நாளைக்கு இருப்பேன். பக்கத்துல நின்னு பாப்பேன்" என்றார்.

"சரி, தாதா."

"அந்தப் பையன் ரோஹித் வருவானான்னு தெரியாது. நீ கூப்பிடு."

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா கொழுக்கட்டைக்கு மாவு கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சுபிக்ஷாவின் அறைக்குப் போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி கரண்டியை எடுத்தாள். ரோஹித்துக்கு கௌசிக் போன் செய்தான். அடித்து அடித்து நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி செய்தான். இந்த முறை ரோஹித் எடுத்தான், கேட்டுக்கொண்டான், வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

17 செப்டம்பர் 2004, வெள்ளி. நாளைச் சனிக்கிழமை காலை மல்லிக் பஜாரில் கடை திறந்ததும் கேஸ்கட் வாங்க வேண்டும். தபன்தா கருவிகளை எடுத்துக் கொடுத்த பிறகு, என்ஜின் ஆறியிருக்கும்போதே எல்லா நட்டுகளையும் தளர்த்தி, ஹெட்டரை இறக்கி, முகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையாமல் இருந்தால் புது கேஸ்கட் வைத்து, நடு நட்டில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி, முதலில் லேசாகவும் பிறகு முழுவதுமாகவும் முடுக்க வேண்டும்.